மலையை இடக்கைப் பக்கம் விடலாமா

காடுகளுக்குள் நான் நிறைய நடந்திருக்கிறேன். ஆனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒருநாளும் நடந்ததில்லை. பெலாரஸ் எல்லையிலிருந்து எங்களைப் போலந்துக்குள் கொண்டுபோன ஏஜென்சிக்காரன் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தான். புறப்பட்ட இடத்தில் உங்களை மறுபடி கண்டால் சுடுவேன் என்றான். சுட்டிருக்க மாட்டான், எங்களிடம் சிகரெட் இரந்து குடித்தவனிடம் துவக்கு எங்கே இருந்திருக்கும். ஆனாலும் நாங்கள் நேராகவே நடந்தோம்.

அப்படி வந்த ஆளை, இத்தனை வருஷம் கழித்து, லண்டனுக்கு வெளியே ஒரு கார் பார்க்கில் நிறுத்தி, இந்த மலையைச் சுற்றி நடந்து இதே கார் பார்க்குக்கு வந்து சேர வேண்டும், இதற்குப் பெயர் 'ஈஸி சர்க்குலர் வாக்' என்றார்கள். காடு வருமாம். பிறகு மரமில்லாத புல்வெளி மேடு வருமாம். பிறகு ஆறு. பிறகு நாங்கள் விட்டுவிட்டு வந்த அதே மினி பஸ். வசதி வந்த மனிதர்களுக்கு எங்கேயும் போய்ச் சேர வேண்டிய தேவை இருப்பதில்லை. அதனால் வட்டமாக நடக்கிறார்கள்.

எனக்கு அந்த நடையில் எந்த வேலையும் இல்லை. நான் மினி பஸ் சாரதி. பஸ்ஸில் சாய்ந்து தூங்கியிருக்கலாம். நடந்ததற்குக் காரணம் அக்கா.

அக்கா நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் டிராம் பாதைக்குப் பின்புறமாக இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. மாடியில் முன்பக்கத்துச் சின்ன அறை என்னுடையது. பாரிஸ், டோர்ட்மண்ட், பிறகு ஈஸ்ட்ஹாம் என்று நான் படுத்தெழும்பிய அறைகளில் ஜன்னல் திறக்கக்கூடிய முதலாவது அறை அது. அக்காவின் புருஷன் செத்துப் பல வருஷம். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில், குளிர் அறையில், நின்றபடி வேலை செய்து அந்த வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர். வீடு அவருக்கு மிஞ்சியது. முழங்கால் குளிர் அறையில் தங்கிவிட்டது.

ஒரு தை மாதம், உடுப்புக் கூடையோடு மாடிப்படியில் இறங்கும்போது விழுந்தார். ஒன்றும் முறியவில்லை. முழங்கால் பூசணிக்காய்போல வீங்கி, பிறகு வற்றியது. ஆனால் மில்டன் கீன்ஸிலிருந்து மகள் வந்து இறங்கிவிட்டாள். வீட்டை விற்பது, தாயைத் தங்களோடு கொண்டுபோய் வைப்பது, கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை, படியே ஏறத் தேவையில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். தாய் என்ன யோசிக்கிறாள் என்பதைத் தவிர.

“நான் விழுந்தது படியில. வயசில இல்லை” என்றார் அக்கா.

இந்த வாக்குவாதம் தையில் தொடங்கி ஆவணி வரை போனில் நடந்தது. நான் மேலே படுத்திருந்து கேட்டேன். வீடு விற்கப்பட்டால் எனக்கு இன்னொரு அறை. அதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. பெட்டி கட்டுவதில் நான் படித்தவன். பள்ளிக்கூடத்தில்தான் எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் அக்கா ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு, மாடிப்படியில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறுவார். யாருக்கும் தெரியாமல் செய்வதாக நினைப்பு. அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கத்தும். தெரு முழுக்கத் தெரியும்.

இந்த இழுபறியை முடித்துவைத்தவர் மருமகன். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. கலியாணப் பேச்சு நடந்தபோது “போயும் போயும் இந்தியாக்காரனோ” என்று பக்கத்து ஊரான மோர்டனில் மூக்கால் அழுதவர்கள், அவர் வீடு வாங்கியதும் “நல்ல பண்பான பிள்ளை” என்றார்கள். பண்பானவர்தான். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். தூக்கத்தையும் கைக்கடிகாரத்தில் அளப்பவர். எங்கள் சங்கம் நடைப்பயணம் ஒன்று போடப்போகிறது என்று கேள்விப்பட்டு, இடத்தைத் தேடிக் கொடுத்தவரும் அவர்தான்.

“அத்தை, இது ரொம்ப ஈஸி வாக். குழந்தைங்ககூட நடக்குறாங்க. யார் கையையும் பிடிக்காம ஒரு ரவுண்டு முழுசா முடிச்சிட்டீங்கன்னா, வீட்டை விக்கிற பேச்சை நாங்க எடுக்கவே மாட்டோம்.”

“முடிக்காட்டி?”

“முடிக்கலைன்னா எங்ககூட வந்துடணும்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். தன்னுடைய பையை நான் தூக்கலாமா என்று கேட்டார். பையைத் தூக்கலாம், ஆளைத் தூக்கக் கூடாது என்று தீர்ப்பானது. “ஓம்” என்றார் அக்கா. நான் அந்த நடைக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான், ஒரு பையாக.

சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிச்சம், மோர்டன் பக்கத்து எங்கள் ஆட்களின் சங்கம். யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்பதில் இரண்டு தரம் உடைந்து, உடைந்த துண்டுகள் கலியாண வீடுகளில் சந்தித்து மறுபடி ஒட்டியது. ஒரு காலத்தில் விழா எடுத்தார்கள், மலர் வெளியிட்டார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே வருஷத்தில் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் வந்தது. நடக்கச் சொல்லி டாக்டர்மார் சொன்னார்கள். உடனே நடைக்குழு பிறந்தது. கோயிலுக்குப் போனாலும், வாசலுக்கு மிகக் கிட்டவான இடத்தில் காரை விடுவதற்காகத் தெருவைச் சுற்றி அரை மணித்தியாலம் ஓடுகிற சனம் இது. மிச்சம் கொமன் என்ற புல்வெளியில் நடப்பதற்குக் காரில் போனார்கள். அங்கேயும் பார்க்கிங்குக்குச் சண்டை.

தலைவர் இரண்டு பெற்றோல் நிலையங்களின் சொந்தக்காரர். நடைக்கு என்று இரண்டு அலுமினியத் தடிகள் வாங்கியிருந்தார். வாங்கிய நாள் முதல் அவற்றோடு கடைத்தெருவில்தான் நடந்து திரிந்தார். மீன் கடைக்குள்ளும் இரண்டு தடிகளோடு நுழைந்தார்.

அக்காவோ தடி இல்லாமல் பழகினார். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் உள்வீதியைச் சுற்றினார். பிள்ளையாருக்கு ஒரு சுற்றுப் போதும் என்பார்கள். அக்கா நிறுத்தாமல் சுற்றியதைப் பார்த்த ஐயர், வீட்டில் பெரிய கஷ்டம் போல என்று நினைத்து விபூதியை அள்ளிக் கொடுத்தார்.

நடை ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. அதனால் சோற்றுப் பார்சல் எல்லாம் மரக்கறி. மிச்சத்திலிருந்து மலையடிக்கு ஒரு மணித்தியால ஓட்டம்கூட இல்லை. ஆனால் பஸ்ஸுக்குள் வடை, கட்லட், தேத்தண்ணீர் என்று பஞ்சத்துக்குப் போகிற ஆயத்தம். பின் சீற்றில் ஒருவர் சனிக்கு மரியாதை கொடுத்து, ஆட்டிறைச்சி ரோல்களை மடியில் மறைத்துவைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிச் சாப்பிட்டார். வாசனை திரும்பவில்லை.

கார் பார்க்கில் மகளும் மருமகனும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். மகள் நடக்கவில்லை. பிள்ளைகளோடு கஃபேயில் இருக்கப்போகிறாள். வந்ததும் அக்காவின் பெரிய உடுப்புப் பையை பஸ்ஸிலிருந்து எடுத்துத் தன் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் வந்து நிற்கட்டுமே என்று முதலே பேசியிருந்தார்களாம். நான் தூக்க வேண்டியது சின்னப் பை: தண்ணீர், இஞ்சித் துண்டு, பனங்கட்டி, கோடாலித் தைலம்.

மருமகன் எல்லோருக்கும் பாதை அச்சடித்த தாளைக் கொடுத்தார். மரக் கதவைத் தாண்டிக் காட்டுக்குள் மெல்ல மெல்ல ஏறுவது, மேலே புல்வெளி, பிறகு படிகளில் ஆற்றுக்கு இறங்குவது, ஆற்றோரமாக வந்து கார் பார்க். தாளில் அம்புக்குறிகளும் போட்டிருந்தார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, தாளைத் திருப்பி, மலையைப் பார்த்து, சூரியனைப் பார்த்து, தாளை மடித்தார்.

“இது மலையை இடக்கைப் பக்கம் விட்டுச் சுத்தச் சொல்லுது.”

“ஆமா அங்கிள். ஆன்ட்டி-கிளாக்வைஸ்.”

“தம்பி, செத்த வீட்டில கொள்ளிக்குடத்தோடதான் இடமாச் சுத்துறது.”

மருமகன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். இது கோயில் இல்லை, வெறும் மலை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“உங்கட பக்கத்தில திருவண்ணாமலை எண்டு ஒரு மலை இருக்கெல்லோ? அதை எந்தப் பக்கத்தால சுத்துறியள்?”

மருமகன் படிக்கிற காலத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே போனவர் என்று முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “வலமாத்தான் அங்கிள்” என்றார்.

“பிறகென்ன. இந்த நாட்டுச் சனமே ரவுண்டபவுட்டை வலமாத்தான் சுத்துது. நாங்கள் இடமாப் போறதோ?”

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சனிக்கிழமை, அதுவும் புரட்டாசி, அதுவும் அட்டமத்துச் சனி நடக்கிற வீடுகள் அந்தக் கூட்டத்தில் குறைந்தது பாதி. ஒருவரும் மலையை இடக்கைப் பக்கம் விட ஆயத்தமில்லை. மருமகன் கடைசி நம்பிக்கையாக மாமியிடம் வந்தார். இந்தப் பக்கமாகப் போனால் அந்தப் படியெல்லாம் ஏற வேண்டும், ஈஸி என்று போட்டிருப்பது மற்றப் பக்கத்துக்குத்தான் என்று விளக்கினார். வேண்டுமானால் டெஸ்டை இன்னொரு நாளைக்கு வைக்கலாம் என்றும் சொன்னார்.

“இண்டைக்கெண்டா இண்டைக்குத்தான். புரட்டாசிச் சனியில என்னை இடமாச் சுத்தச் சொல்லுறீங்களோ, தம்பி?”

எனக்கு எந்தப் பக்கத்தால் போனாலும் மினி பஸ்ஸில்தான் முடியும் என்பது மட்டும் தெரியும். நாங்கள் வலமாகப் புறப்பட்டோம்.

ஆற்றோரம் வரை சங்கம் நன்றாகத்தான் நடந்தது. சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்துப் போட்ட பெண்கள், யாரோ ஒருவருடைய போனில் பக்திப்பாட்டு, முன்னால் இரண்டு தடிகளோடு தலைவர். மேய்ச்சல் நிலத்து மாடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தன. பாதையில் நட்டிருந்த கம்பங்களில் அம்புக்குறிகள் எல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்து நின்றன. மருமகன் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், உதவவில்லை. “இடப்பக்கம் திரும்பவும்” என்று இருந்தால் வலப்பக்கம், “வேலியைத் தாண்டிய பின்” என்றால் தாண்டும் முன். கொஞ்ச நேரத்தில் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

எதிரே ஆங்கிலேயர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை அந்த மலையைச் சுற்றிய அத்தனை பேரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள் என்றே நினைக்கிறேன். இந்த நாட்டவர்களிடம் ஒரு குணம் இருக்கிறது. நீங்கள் கிணற்றை நோக்கி நடந்துபோனாலும் அருமையான நாள் என்று சொல்லிவிட்டு வழிவிடுவார்கள். எல்லோரும் காலை வணக்கம் சொன்னார்கள். ஒருவரும் நீங்கள் பிழையான பக்கம் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. நாயோடு வந்த ஒரு கிழவி மட்டும் எங்களை வரிசையாகப் பார்த்து, அக்காவில் கண் தங்கி, மிகுந்த துணிச்சல் என்றாள். தலைவர் தனக்குச் சொன்னதாக எடுத்து நன்றி தெரிவித்தார்.

பிறகு படிகள் வந்தன.

மரங்களுக்கு நடுவே, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் பலகைகளை அறைந்து கட்டிய படிகள். கீழிருந்து பார்த்தால் முடிவு தெரியவில்லை. முந்திய நாள் மழை பெய்திருந்தது. படி ஒவ்வொன்றிலும் பாற்சோறு போலச் சேறு. இறங்குகிறவர்களுக்காகக் கட்டியது என்பது பார்த்ததுமே விளங்கியது. ஒவ்வொரு படியும் எங்கள் முழங்கால் உயரம்.

தலைவர் முதலில் ஏறினார். மூச்சு இருக்கும் வரை ஏறினார். மூச்சு முடிந்த இடத்தில் இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு படியில் அமர, மலையே சங்கத்தின் பொதுக்கூட்டம் போல ஆனது. தேத்தண்ணீர் போத்தல் திறக்கப்பட்டது. தலைவர் இலைகளுக்கு நடுவே தெரிந்த துண்டு வானத்தைக் கவலையோடு பார்த்தார்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். பொறுப்புள்ள தலைவன் என்ற முறையில் சனத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது தன் கடமை என்றார். வானம் அப்போது நன்றாக வெளித்திருந்தது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. எல்லோரும் எழும்பி, சேலையைத் தட்டி, கீழே பார்த்தார்கள்.

அக்கா எழும்பவில்லை. அவர் படியில் அமரவே இல்லை. ஒரு மரத்தில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

“பாதி வலம் வந்து திரும்பினா, அது என்ன சுத்து, தலைவர்?”

தலைவரும் லேசுப்பட்டவரில்லை. “மனசால சுத்தினாலும் காணும் அக்கா. பிள்ளையார் உலகத்தைச் சுத்தினவரோ? இருந்த இடத்தில தாய் தேப்பனைச் சுத்திப்போட்டுப் பழத்தை வாங்கினவர்.”

“அப்ப நீங்கள் போய் பஸ்ஸுக்குள்ள இருக்கிற உங்கட மனுசியைச் சுத்துங்கோ. பழம் கிடைச்சா எனக்கும் ஒண்டு வையுங்கோ.”

தலைவரின் மனுசி பஸ்ஸை விட்டே இறங்காதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். படிகளில் மேலிருந்து கீழ் வரை சிரிப்பு இறங்கியது. தலைவர் சிரிக்காமல் இறங்கினார். அவருக்குப் பின்னால் சங்கம் இறங்கியது. பக்திப்பாட்டு தூரப் போய்த் தேய்ந்தது. மிஞ்சியது நாங்கள் மூன்று பேர்: அக்கா, பை, நடுவர்.

அக்கா ஏறிய விதத்தை நான் மறக்கவில்லை. வீட்டுப் படியில் ஏறுவது போலவே பக்கவாட்டில் ஏறினார். நல்ல காலை மேலே வைப்பார். உடம்பை அதன்மேல் இழுப்பார். கெட்ட கால் பின்னால் வரும், கூப்பிடாமல் வருகிற சொந்தக்காரன் போல. பிறகு நிற்பார். இஞ்சித் துண்டை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றுவார். பிறகு அடுத்த படி. ஆறேழு மாதமாக மாடிப்படியில் நான் கேட்ட அதே தாளம்தான், கத்துவதற்குப் பலகை மட்டும் இல்லை. ஓரிடத்தில் படி சரிந்து மண் மட்டும் இருந்தது. அங்கே சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, நாலு காலில் ஏறினார். மருமகன் தன்னையறியாமல் கையை நீட்டினார்.

“கையை எடுங்கோ.”

எடுத்தார்.

அவருடைய சப்பாத்து விலை கூடியது. உலகத்து மலைகளுக்கெல்லாம் பொருந்தும் என்று கடைக்காரன் சொன்னதாம். அதே சரிவில் அது வழுக்கி, மருமகன் நெஞ்சோடு சுண்ணாம்புச் சேற்றில் விழுந்து, கீழே போகத் தொடங்கி, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினார். மேலே அக்கா திரும்பிப் பார்த்தார்.

“நான் கை தரமாட்டன், தம்பி. பிறகு ஆர் ஆருக்குக் கை குடுத்தது எண்டு வழக்கு வரும்.”

நான் இழுத்துவிட்டேன். எனக்கு விதி ஒன்றும் இல்லையே.

மேலே வந்ததும் மரங்கள் சட்டென்று விலகிவிட்டன. வெறும் புல்மேடு. காற்று சேலையைப் பாய்போலத் தூக்கியது. வடக்கே மிகத் தூரத்தில் லண்டன், யாரோ குப்பை கொளுத்துகிற இடம்போலத் தெரிந்தது. அதற்குள்தான் எங்கேயோ அக்காவின் கூரையும். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பனங்கட்டியை மூன்றாக உடைத்தார். ஒரு துண்டை மருமகனுக்குக் கொடுத்தார். இது கையில்லை, பனங்கட்டி என்றார்.

மருமகன் மார்பு முழுக்க வெள்ளைச் சேற்றோடு இருந்து அதைச் சாப்பிட்டார்.

“அந்தக் கீழறைக்கு என்ன நிறம், தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“லைட் ப்ளூ, அத்தை. போன மாசமே பெயிண்ட் அடிச்சாச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருடைய நாடித்துடிப்பைக் காட்டியிருக்கும்.

“அடிச்சாச்சோ” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காட்டுக்குள்ளால் இறக்கம். ஈஸி என்று எழுதியவர்கள் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அகலமான பாதை, காலுக்குக் கீழே இலைகள், பெரிய பெரிய பீச் மரங்கள். இந்த மரங்களை எனக்குத் தெரியும். போலந்திலும் இவையே நின்றன, பனியோடு. சப்பாத்துக்கு மேலே ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு நடந்தோம். எங்களோடு வந்த ஒருவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து, ஐந்து நிமிஷத்தில் வாறன் என்றார். நாங்கள் நடந்தோம். அங்கே பாதையில் அம்புக்குறி இல்லை, காலை வணக்கம் சொல்ல எதிரே ஆளும் இல்லை. ஈஸி, மீடியம், ஹார்ட் என்று யாராவது எழுதி ஒட்டியிருந்தால் நான் அன்றைக்கே எதையாவது தெரிவு செய்திருப்பேன். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்கு இறக்கம்தான் ஏற்றத்தைவிட வலித்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மருமகன் இப்போது கையை இரண்டு பொக்கற்றுகளுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடந்தார்.

மரக் கதவைத் தாண்டிக் கார் பார்க்கில் கால் வைத்தபோது சங்கம் சாப்பிட்டு முடித்திருந்தது. தலைவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்று, அடுத்த மாத நடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள், தாங்களே முன்னுக்கு நின்று கூட்டிவந்தது போல.

மகள் கஃபேயிலிருந்து ஓடிவந்தாள். புருஷனின் சட்டையைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் நேர்மையான மனிதர் என்று சொன்னேனே.

“முழுசா நடந்துட்டாங்க. அந்த ஸ்டெப்ஸ் எல்லாம் ஏறி. யாரும் கை கொடுக்கல. நானே விழுந்துட்டேன்.”

மகளுடைய முகம் மலர்ந்தது. உண்மையான சந்தோஷம்; அதில் நான் பிழை சொல்லமாட்டேன். தாயைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலுமாகச் சொல்லத் தொடங்கினாள். எவ்வளவு நல்ல செய்தி, இனித் தானும் முழுநேர வேலைக்குத் திரும்பலாம், நர்சரியும் தேவையில்லை, பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து சின்ன நடைதான்.

“நீங்கள் இப்பிடி நடப்பியள் எண்டு எனக்குத் தெரியாதே அம்மா. இவ்வளவு நடக்க ஏலுமெண்டா பிள்ளையளை நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம். அறையும் ரெடி.”

நான் கையில் பையோடு நின்றேன். நடக்க முடியாவிட்டால் பார்த்துக்கொள்வதற்காக அந்த அறை. நடக்க முடிந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்வதற்காக அந்த அறை. ஏஜென்சிக்காரன்கூட இப்படி இரண்டு பக்கமும் எல்லை போட்டு மறிக்கவில்லை. மருமகன் தரையைப் பார்த்தார். இதை அவர் அளந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா பசிக்குது என்றார். சோற்றுப் பார்சல் ஒன்று மிச்சம் இருந்தது. மினி பஸ் படியில் அமர்ந்து, கத்தரிக்காய்க் கறியையும் பருப்பையும் குழைத்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பேரப்பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் வந்து நின்றன. அப்பளத்தை உடைத்து இரண்டுக்கும் கொடுத்தார். கையைக் கழுவினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, காருக்குள்ள என்ர பெரிய பை கிடக்கு. எடுத்து பஸ்ஸில வை.”

மகள் சிரித்தாள், பகிடி என்று நினைத்து. இரண்டு நாள் நிற்பதாகத்தானே பேச்சு என்றாள்.

“முடிக்காட்டி வாறன் எண்டுதான் பேச்சு. முடிச்சுப்போட்டன். கிறிஸ்மஸ் லீவுக்குப் பிள்ளையளைக் கொண்டுவந்து விடு. நான் படியில ஏத்திப் பழக்கிறன்.”

மகளுக்கு முகம் சிவந்தது. அவள் காரைத் திறக்கவில்லை. திறந்தவர் மருமகன். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அழுத்தினார். பின்கதவு தானாக மேலே எழும்பியது. மகள் அவரைப் பார்த்த பார்வைக்கு இந்த நாட்டில் காப்புறுதி இல்லை. நான் பையை எடுத்தேன். அது இரண்டு நாளைக்குரிய பாரமாக இல்லை. குளிர்கால மேலங்கி, சாமிப்படம் எல்லாம் உள்ளே இருப்பது தூக்கும்போதே தெரிந்தது. யார் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் பெட்டி கட்டுகிற சத்தம் எனக்குக் கேட்காமல் போகாது. அக்கா தோற்கவும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்.

அக்கா முன் சீற்றில் ஏறினார். முழங்கால் மறுபடி பூசணிக்காயாகத் தொடங்கியிருந்தது. கோடாலித் தைலம் மணத்தது. பின்னால் தலைவர், தூரம் என்று பார்த்தால் போய் வந்ததும் ஒரு முழுச் சுற்றுக்குச் சமம்தான் என்று ஒருவருக்கு நிறுவிக்கொண்டிருந்தார். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் நித்திரை.

பெரிய வீதிக்கு ஏறும் ரவுண்டபவுட்டில் மகளின் கார் எங்களுக்கு முன்னால் போனது. வடக்கே போகும் மோட்டார்வே பக்கமாகத் திரும்பியது. அது போவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மிச்சத்துக்குப் பிரிகிற பாதையை நான் விட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல் மறுபடி ஒருமுறை சுற்றத் தொடங்கினேன், வலமாகத்தான்.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னார்: “பிள்ளையாருக்கு ஒரு சுத்துக் காணும், தம்பி. பஸ்ஸை வீட்டுக்கு விடு.”